ஆடிக் காற்றும் பத்துக்குப் பத்து டெண்ட்டும்

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூலையில், மிச்சிகன் ஏரிக்கரையில் ஒரு சின்ன ஊரில் நடந்த இரண்டு நாள் கைவினைக் கண்காட்சியில் என் மண்பாண்டங்களோடு கடை போட்டேன். 1,412 டாலருக்கு விற்றது. செலவு 1,925 டாலர். 513 டாலர் கைநஷ்டம். அதற்கு மேல் உடைந்த சாமான் பத்தொன்பது. ஆறு மாத உழைப்புக்கு நான் விலை போடவே இல்லை. பணம் போனதுகூடப் பரவாயில்லை, அங்கே எனக்கு நடந்தவற்றில் ஒன்றுகூடப் புதிதில்லை என்பதுதான் உறுத்தியது. வரிசையில் இருந்த மற்ற கடைக்காரர்கள் எல்லோருக்கும் முன்பே தெரிந்த விஷயங்கள். எனக்குச் சொல்லத்தான் ஆளில்லை. போன வாரம் நியூ ஜெர்சியிலிருந்து தோழி ஒருத்தி கூப்பிட்டு, "நானும் இந்த வருஷம் ஒண்ணுல அப்ளை பண்ணலாம்னு பாக்குறேன்டி" என்றாள். இரண்டு மணி நேரம் பேசினேன். பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு ஊர் மதுரை. குயவர் குடும்பமெல்லாம் இல்லை. மானாமதுரைக்கு ஏதாவது விசேஷத்துக்குப் போனால் அம்மா ஒரு பானையாவது வாங்காமல் திரும்பமாட்டாள், மண்ணோடு எனக்கிருந்த சம்பந்தம் அவ்வளவுதான். கல்யாணமாகி டெட்ராய்ட் பக்கம் வந்து, ஹெச்-4 விசாவில் (ஹெச்-1பி வேலை விசாக்காரரின் மனைவிக்குக் கொடுப்பது) வேலைக்குப் போக முடியாமல் உட்கார்ந்திருந்தபோது, வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பொது ஸ்டுடியோவில் சக்கரம் சுற்றக் கற்றுக்கொண்டேன். முதல் வருடம் பண்ணியதெல்லாம் சாம்பல் கிண்ணம் மாதிரிதான் வந்தது. அப்புறம் கை பழகியது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், நம் ஆட்கள் நிறையப் பேர் சறுக்கும் இடம் இது. வேலை அனுமதி இல்லாத ஹெச்-4-இல் இருந்துகொண்டு கண்காட்சியில் கடை போட்டு விற்கக் கூடாது. "கைவேலைதானே, பொழுதுபோக்குதானே" என்று சொல்வார்கள். காசு வாங்கி விற்றால் அது வேலை. 2015-இல் வந்த விதிப்படி, கணவரின் ஐ-140 (கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போடும் மனு) அனுமதியான பிறகு ஹெச்-4 மனைவிக்கு இஏடி என்ற வேலை அனுமதி அட்டை கிடைக்கும், அந்த அட்டை இருந்தால் சுயதொழிலும் செய்யலாம். எனக்கு அது வந்த பிறகுதான் விற்பதைப் பற்றியே யோசித்தேன். ஆனால் ஹெச்-1பி-இல் இருக்கும் கணவரைக் கடையில் உட்காரவைத்து "கொஞ்ச நேரம் நீ வித்துக்கோ" என்று சொல்வதில் சிக்கல் இருக்கிறது. அவருக்கு வேலை அனுமதி அவருடைய கம்பெனிக்கு மட்டும்தான். உங்கள் நிலைமை என்னவென்று வக்கீலிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். நாங்கள் கேட்டுவிட்டு, கணவர் எங்கள் மகளோடு வீட்டில் இருப்பது என்றும் நான் மட்டும் போவது என்றும் முடிவு செய்தோம். அந்த 'மட்டும்' என்ன செய்யும் என்று அப்போது தெரியவில்லை.

ஆசை வந்தது மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பர் ஊரில். அங்கே ஜூலையில் நடக்கும் ஆர்ட் ஃபேர் 1960-இல் தொடங்கியது. பல்கலைக்கழகத்தைச் சுற்றியிருக்கும் தெருக்களில் வண்டிகளை நிறுத்திவிட்டு, வெள்ளை வெள்ளையாக டெண்ட் போட்டு, சித்திரைத் திருவிழாவில் மாசி வீதி இருக்கிற மாதிரி இருக்கும். மாசி வீதியில் சாக்கை விரித்தால் கடை. இங்கே அப்படி முடியாது, ஜூரி தேர்வு உண்டு. வேலையின் படங்களை அனுப்ப வேண்டும், நடுவர்கள் மதிப்பெண் போடுவார்கள், தேறினால்தான் இடம். கோடைக் கண்காட்சிகளுக்கு விண்ணப்பம் பெரும்பாலும் குளிர்காலத்திலேயே முடிந்துவிடும். ஜூனில் விசாரித்துவிட்டு "இந்த வருஷம் போடலாம்" என்று நினைத்தால் அது அடுத்த வருஷம்தான். விண்ணப்பத்துக்கே ஒரு கட்டணம் உண்டு, எனக்கு ஒவ்வொன்றுக்கும் 35 டாலர். இடம் கிடைக்காவிட்டாலும் திரும்பி வராது.

முதல் வருடம் இரண்டுக்குப் போட்டு இரண்டிலும் இல்லை என்று வந்தது. ஏன் என்று யாரும் சொல்லமாட்டார்கள், ஒரு வரி மின்னஞ்சல்தான். நான் இரண்டு நாள் அழுதேன், மூன்றாம் நாள் சக்கரத்துப் பக்கமே போகவில்லை. பிறகு ஒரு கண்காட்சிக்காரர்கள் தங்கள் தேர்வைப் பொதுமக்கள் உட்கார்ந்து பார்க்கலாம் என்று அறிவித்திருந்தார்கள், போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். அந்த ஒரு மதியம் எனக்கு ஒரு வருடப் படிப்பு. ஒரு கலைஞரின் ஐந்து படங்களும் ஒரே வரிசையில் திரையில் விழும். நான்கு பொருட்களின் படம், ஐந்தாவது கடையின் படம். சில நொடிகள்தான், அடுத்தவர் வந்துவிடுவார். அந்தச் சில நொடியில் ஐந்தும் ஒரே கையிலிருந்து வந்தவையாகத் தெரிய வேண்டும். நான் அனுப்பியிருந்தது என்ன? ஒரு காபி மக், ஒரு அகல்விளக்கு, ஒரு சுடுமண் ஜிமிக்கி, கொலுவுக்குப் பண்ணிய ஒரு செட்டியார் பொம்மை. எனக்கு எல்லாம் வரும் என்று காட்ட நினைத்தேன். பார்ப்பவர்களுக்கு அது நாலு பேர் வேலையாகத் தெரிந்திருக்கும். போதாததற்குக் கடைப் படத்தில் என் பெயர் எழுதிய பலகை பெரிதாக நின்றது. பெயர் தெரியாமல்தான் மதிப்பெண் போடுவார்கள், ஆகவே படத்தில் பெயரோ முகமோ இருக்கக் கூடாது என்று விதியிலேயே இருந்தது. நான் படிக்கவில்லை.

அடுத்த முறை ஒரே பொருளைப் பிடித்துக்கொண்டேன். டவரா-டம்ளர். நம் வீட்டுப் பித்தளை டவராவின் அதே உருவம், ஆனால் சுட்ட களிமண்ணில், வெளியே கருஞ்சாம்பலும் உள்ளே பாலாடை நிறமுமாக. நான்கு படமும் அதுவும் அதன் சொந்தங்களும்தான். பின்னால் சாம்பல் நிறத் தாள், வடக்குப் பார்த்த ஜன்னல் வெளிச்சம், கை, பூ, கரண்டி எதுவும் கூட இல்லை. கடைப் படத்துக்கு இரவல் டெண்ட் வாங்கி வீட்டு வாசலில் போட்டு எடுத்தேன். இன்னும் கடையே போடாதவளிடம் கடைப் படம் கேட்கிறார்களே என்று எரிச்சல் வரும், எல்லோரும் இப்படித்தான் வாசலில் போட்டு எடுக்கிறார்கள். மூன்றுக்கு விண்ணப்பித்தேன். ஒன்று இல்லை, ஒன்று காத்திருப்புப் பட்டியல் (கடைசிவரை கூப்பிடவில்லை), ஒன்று கிடைத்தது. ஏப்ரலில் மின்னஞ்சல் வந்ததும் துள்ளிக் குதித்து, யோசிக்காமல் 425 டாலர் இடக் கட்டணத்தைக் கட்டினேன். மழை பெய்தாலும் புயல் அடித்தாலும் அது திரும்பி வராது. இந்தத் தொழிலில் இருப்பவர்கள், இடக் கட்டணத்தைப் போல் பத்து மடங்கு விற்றால்தான் நல்ல கண்காட்சி என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். எனக்கு அது 4,250 டாலர். கட்டுவதற்கு முன்னால் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருந்தால், என் 18 டாலர் மக்கை 237 பேர் வாங்க வேண்டும் என்பது தெரிந்திருக்கும்.

சாமான் செய்த கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். களிமண் காய்ந்து, இரண்டு தடவை சூளைக்குப் போய் வரும்போது எட்டில் ஒரு பங்கு சுருங்கிவிடும். டவராவும் டம்ளரும் வேறு வேறு பை மண்ணில் செய்தால் சுருக்கம் கொஞ்சம் மாறும், டம்ளர் டவராவுக்குள் சரியாக உட்காராது. எனக்கு ஏழு ஜோடி அப்படிப் போனது. இரண்டாவது சூட்டில் 1,220 டிகிரி செல்சியஸ் வரை ஏறும்போது பூச்சு வழிந்து சூளைத் தட்டோடு ஒட்டிக்கொண்டது இன்னொரு ஒன்பது. பொதுச் சூளையை நம்பியிருப்பவர்களுக்கு ஒன்று: ஜூன் மாதம் எல்லோருக்கும் கண்காட்சி இருக்கும், சூளைக்கு வரிசை நிற்கும். ஜூலைக்கு வேண்டியதை மே முடிவதற்குள் சுட்டு எடுத்துவிடுங்கள். நான் கடைசிச் சூட்டைக் கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் இளஞ்சூடாக எடுத்தேன். அறுபது மக், முப்பத்தைந்து டவரா செட், ஒரு கூடை அகல்விளக்கு.

காகித வேலையும் உண்டு. மிச்சிகனில் விற்பனை வரி 6 சதவீதம், ஊருக்கு ஊர் மாறாது, அது ஒரு நிம்மதி. வருடத்துக்கு ஒன்றிரண்டு நிகழ்ச்சியில் மட்டும் விற்பவர்களுக்குத் தனியாக ஒரு எளிய படிவம் இருக்கிறது. மற்ற மாநிலங்களில் வேறு மாதிரி, போகிற மாநிலத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் செய்த மடத்தனம், வரியை விலைக்கு மேல் தனியாகக் கேட்டது. 18 டாலர் மக்குக்கு 19 டாலர் 8 சென்ட். ரொக்கம் நீட்டியவர்களுக்குச் சில்லறை எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில் பின்னால் நின்றவர்கள் நகர்ந்துவிட்டார்கள். வரியை விலைக்குள்ளேயே சேர்த்து முழு டாலராக எழுதுங்கள், "வரி உட்பட" என்று ஒரு அட்டை வையுங்கள். காப்பீடு கட்டாயம் கேட்டார்கள், அந்த ஒரு நிகழ்ச்சிக்கு மட்டும் 50 டாலருக்கு எடுத்தேன். வீண் செலவு என்று முணுமுணுத்துக்கொண்டேதான் எடுத்தேன்.

சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு என் முறை. இருபது நிமிடத்தில் சாமானை இறக்கி வைத்துவிட்டு வண்டியை வெளியே கொண்டுபோய்விட வேண்டும், பிறகு வந்துதான் டெண்ட் போட வேண்டும். பத்து அடிக்குப் பத்து அடி மடக்கு டெண்ட், 130 டாலருக்கு வாங்கியது. பெட்டியில் "ஐந்து நிமிடத்தில் தயார்" என்று போட்டிருந்தது. இரண்டு பேர் இருந்தால் ஐந்து நிமிடம். நான் ஒரு மூலையைத் தூக்கினால் எதிர்மூலை மடங்கியது, அதைத் தூக்கப் போனால் இது. பக்கத்துக் கடையில் மரக் கிண்ணம் கடைந்து விற்கும் ஒரு பெரியவர், எழுபது வயதிருக்கும், கையில் இருந்த காபியைக் கீழே வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் வந்து எதிர்க்காலைப் பிடித்தார். முப்பது வருடமாக இதே வேலை என்று பிறகு சொன்னார். அலமாரியை நிறுத்திச் சாமானை அடுக்க ஆரம்பித்தேன். வைத்த டம்ளர் ஒன்று தானாக நகர்ந்து பக்கத்து டம்ளரில் 'டிங்' என்று முட்டியது. என் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்தேன். தெரு நடுவில் உயர்ந்து, தண்ணீர் ஓட ஓரத்துக்குச் சரிந்துதானே போட்டிருப்பார்கள்? வீட்டுக் கூடத்தில் ஒத்திகை பார்த்தவளுக்கு அது தோன்றவே இல்லை. பெரியவர் தன் பெட்டியிலிருந்து நாலு மர ஆப்பு எடுத்துக் கொடுத்தார். அலமாரிக் கால்களுக்கு அடியில் சொருகினோம். மர ஆப்பு, ரசமட்டம் வைத்த ஒரு சின்ன அளவுகோல், இரண்டும் இல்லாமல் மண்பாண்டத்தோடு தெருவுக்குப் போகாதீர்கள்.

மத்தியானம் வரை வியாபாரம் சுமார். கடையின் உள்பக்கம் ஒரு தாழ்வான மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், வருகிறவர்களுக்கு என் தலை உச்சிதான் தெரிந்திருக்கும். வெட்கம் வேறு. யாராவது எடுத்துப் பார்த்தால் நான் போனைப் பார்ப்பேன். மக் இருபது போனது. டவரா செட் ஐந்துதான். "இது என்ன, சாஸ் வைக்கிற கிண்ணமா?" என்று ஒருவர். "பூனைக்குத் தண்ணீர் வைக்கவா?" என்று ஒரு சிறுமி. நான் சிரித்து வைத்தேன். மூன்று மணிக்குப் பெரியவர் என் விலைச் சீட்டைக் கையிலெடுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மக் பதினெட்டா? எதிர்வரிசையில் அந்தப் பெண் நாற்பதுக்கு விற்கிறாள். உன் விலையைப் பார்த்தவன் அவளிடம் வாங்கமாட்டான், உன் சாமானையும் நம்பமாட்டான்." எனக்குச் சுருக்கென்றது. விலையை நான் எப்படிப் போட்டேன் என்று யோசித்தேன். ஊரில் ஒரு மண் டம்ளருக்கு என்ன கொடுப்போம் என்று மனசுக்குள் ஒரு தராசு, அதை டாலராக்கி, கொஞ்சம் ஏற்றி. சூளைக் கட்டணம், ஒட்டிப்போன ஒன்பது, ஹோட்டல், எதுவும் அதில் இல்லை.

மூன்றே முக்காலுக்கு இதமாக ஒரு காற்று வந்தது. காலையிலிருந்து தார்ச் சாலையின் வெக்கையில் வெந்துகொண்டிருந்தவளுக்கு அது சிலுசிலுவென்று இருந்தது. அப்பாடா என்று கண்ணை மூடினேன். திறந்து பார்த்தால் தெரு முழுக்கக் கடைக்காரர்கள் எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். சுவர்த் துணிகளைச் சுருட்டிக் கட்டுகிறார்கள், உயரத்தில் இருக்கும் சாமானைத் தரைக்கு இறக்குகிறார்கள், ஒரு வார்த்தை பேச்சில்லை. கோடையில் இடிமழைக்கு முன்னால் முதலில் வருவது அந்தக் குளிர்ந்த காற்றுதானாம். எனக்குப் புரிவதற்குள் என் டெண்ட்டின் முன்கால் ஒன்று தரையை விட்டு ஒரு சாண் எழும்பியது.

ஆடிக் காற்றில் அம்மியும் நகரும் என்பார்கள். அன்றைக்கு ஆடி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். விதிமுறைத் தாளில் தெளிவாக எழுதியிருந்தது, ஒவ்வொரு காலுக்கும் குறைந்தது 40 பவுண்டு எடை கட்ட வேண்டும் என்று. நம் கணக்கில் 18 கிலோ, நாலு காலுக்கும் சேர்த்து 72 கிலோ. நான் ஒரு காலுக்கு இரண்டு கேலன் தண்ணீர்க் கேன், அதாவது 17 பவுண்டுக்கும் குறைவு, அதையும் காலின் அடியில் சும்மா தொங்கவிட்டிருந்தேன். ஜூலை வெயிலில் என்ன காற்று வந்துவிடும் என்ற நினைப்பு. பத்துக்குப் பத்துத் துணி என்பது பாராசூட்தான். கேன்கள் ஊசலாடி அலமாரியை இடித்தன. நான் இரண்டு கையாலும் குறுக்குக் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறேன், கால் தரையில் பாவவில்லை, கண்ணெதிரே அலமாரி சாய்கிறது, கையை விட்டால் டெண்ட் எதிர்க்கடைக் கண்ணாடிச் சாமான் மேல் போய் விழும். விடவில்லை. அலமாரி விழுந்தது. உடையும் சத்தம் வரிசையாக வரவில்லை, ஒரே ஒரு பெரிய சத்தம், அப்புறம் ஒரு டவரா மட்டும் தெருச்சரிவில் விளிம்பால் உருண்டு போய்ச் சாக்கடை மூடியில் படுத்துக்கொண்டது. அது உடையவில்லை. பெரியவரும் இன்னொருவரும் ஓடி வந்து என் டெண்ட்டைத் தங்கள் டெண்ட்டோடு சேர்த்துக் கட்டினார்கள். பன்னிரண்டு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. மழைகூடப் பெரிதாக இல்லை.

எடை விஷயத்தை மட்டும் விவரமாகச் சொல்கிறேன், மற்றதெல்லாம் மறந்தாலும் இது மறக்கக் கூடாது. நாலு அங்குல விட்டமுள்ள பிளாஸ்டிக் குழாயை மூன்று அடி நீளத்துக்கு நறுக்கி, ஒரு பக்கம் மூடி போட்டு, கான்கிரீட் ஊற்றி, ஈரமாக இருக்கும்போதே மேலே ஒரு கொக்கி பதித்துவிட்டால் ஒன்று ஏறக்குறைய 40 பவுண்டு வரும். அதை டெண்ட்டின் மேல் மூலைச் சட்டத்திலிருந்து கயிறு கட்டி இறக்க வேண்டும். காலின் அடியில் வைப்பதால் பெரிதாகப் பயனில்லை, காற்று தூக்குவது மேலே. பிறகு குழாயைக் காலோடு சேர்த்து இறுக்கிக் கட்ட வேண்டும், ஆடக் கூடாது. சாமானை இடிப்பதும் அந்த எடைதான். அலமாரிகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடுங்கள். கனமான சாமான் கீழ்த்தட்டில். நம் ஊர்த் திருவிழாவில் பலூன்காரர்கூடத் தள்ளுவண்டிச் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டுத்தான் பலூனை எடுப்பார். நான் பார்த்து வளர்ந்ததுதான்.

அன்று இரவு ஹோட்டல் அறையில் (இரண்டு இரவுக்கு 340 டாலர், கோடையில் ஏரிக்கரை ஊர் விலை) கட்டிலில் உடைந்ததை எண்ணினேன். பதினொரு மக், எட்டு டம்ளர். டம்ளர் போய் டவரா மட்டும் மிஞ்சியவை எட்டு. வீட்டுக்குப் போன் போட்டால் குரல் உடைந்துவிடும் என்று "சாப்பிட்டேன், தூங்கப் போறேன்" என்று செய்தி மட்டும் அனுப்பினேன். சாப்பிடவில்லை. விடியற்காலையிலேயே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம் என்றுதான் படுத்தேன். ஆனால் முடியும் நேரத்துக்கு முன்னால் கடையைப் பிரித்தால் அடுத்த வருடம் சேர்க்கமாட்டார்கள் என்று விதி. இந்த விதியை மட்டும் படித்திருந்தேன்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு விலைச் சீட்டுகளை மாற்றி எழுதினேன். மக் 34, டவரா செட் 58. எழுதும்போது கை கூசியது. தனி டவராக்களுக்கு "சாஸ் கிண்ணம், 15" என்று போட்டேன், அவர்களே வைத்த பெயர்தானே. தாழ்வான நாற்காலியை மடித்து வைத்துவிட்டு நின்றேன். பத்தரை வாக்கில் ஒரு தம்பதி டவராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். கேட்பதற்கு முன்னால் நானே டம்ளரில் என் பாட்டில் தண்ணீரை ஊற்றி, ஊரில் அப்பா காபி ஆற்றுவது போல டம்ளரை உயர்த்தி டவராவுக்கு ஒரு இழுப்பு, டவராவிலிருந்து டம்ளருக்கு ஒரு இழுப்பு. ஒரு சொட்டு சிந்தவில்லை. சூடான பால் காபியை ஆற்றவும் நுரை கட்டவும்தான் இந்த இரண்டு பாத்திரம், விளிம்பு வெளியே மடங்கியிருப்பது சூட்டில் பிடிக்கவும் உதடு படாமல் குடிக்கவும் என்று சொன்னேன். அந்த அம்மாள் "இன்னொரு முறை" என்றார். இரண்டாவது முறை ஆற்றும்போது எட்டு பேர் நின்றார்கள். அன்றைக்கு எத்தனை தடவை ஆற்றினேன் என்று கணக்கில்லை, தோள் விட்டுப்போனது. செட் ஒன்பது போனது. அதில் ஒன்று 28-க்கு, ஏனென்றால் சனிக்கிழமை பார்த்துவிட்டுப் போனவர் அதே விலையைச் சொல்லிக்கொண்டு வந்தார், கொடுத்துவிட்டேன். மக் பத்து, சாஸ் கிண்ணம் நாலு. சனிக்கிழமை 520, ஞாயிறு 892. "திரும்பி வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் நாற்பது பேராவது இருப்பார்கள், வந்தவர் அந்த 28 டாலர்காரர் மட்டும்தான்.

தனியாகப் போகிறவர்களுக்கு இன்னொன்று, எழுதக் கூச்சமாக இருந்தாலும் எழுதுகிறேன். கழிவறை. கடையை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று சனிக்கிழமை முழுக்கத் தண்ணீரே குடிக்காமல் இருந்து தலைவலியில் செத்தேன். பல கண்காட்சிகளில் கொஞ்ச நேரம் கடையைப் பார்த்துக்கொள்ளத் தன்னார்வலர்கள் உண்டு, போனதும் முதல் வேலையாகக் கேளுங்கள். இங்கேயும் இருந்தார்கள், எனக்கு ஞாயிறு மாலைதான் தெரிந்தது. என்னைக் காப்பாற்றியவர் ஒரு நம்மூர் அம்மா. மகனைப் பார்க்க வந்த இடத்தில் சுற்றிப் பார்க்க வந்திருந்தார். டவராவைப் பார்த்ததும் தமிழிலேயே, "ஏம்மா, இது அம்பத்தெட்டு டாலரா? எவர்சில்வர்ல நாலு வாங்கலாமே!" என்றார். நான் பதில் சொல்லும் நிலையில் இல்லை, "அம்மா, ஒரு அஞ்சு நிமிஷம் இங்க உக்காருங்களேன்" என்றேன். புரிந்துகொண்டு சிரித்தார். திரும்பி வந்தபோது ஒரு வெள்ளைக்காரருக்கு என் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அவர் காபி ஆற்றும் விதத்தை விளக்கிக்கொண்டிருந்தார், என்னைவிட உயரமாக இழுத்து. அந்த அம்மா ஒன்றும் வாங்கவில்லை. போகும்போது கைப்பையிலிருந்து இரண்டு முறுக்கு எடுத்து வைத்துவிட்டுப் போனார்.

செலவைப் பிரித்தும் போட்டுவிடுகிறேன்: விண்ணப்பங்கள் 105, இடம் 425, டெண்ட் 130, அலமாரியும் துணியும் 180, காப்பீடு 50, ஹோட்டல் 340, பெட்ரோல் 60, தாள் பை 75, மண் பூச்சு சூளை 520, கார்டு கட்டணம் சுமார் 40. போக வர 360 மைல். வரிக் கணக்கில் பெட்ரோல் ரசீதுக்குப் பதிலாக மைலுக்கு இவ்வளவு என்று கழிக்கலாம், 2024-க்கு அது 67 சென்ட், அப்படிப் பார்த்தால் 241 டாலர். அதனால் கிளம்பும்போது வண்டியின் மைல் கணக்கைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வருடத்தில் லாபம் 400 டாலரைத் தொட்டால் சுயதொழில் வரிக் கணக்கு காட்ட வேண்டிவரும், அந்தக் கவலை எனக்கு வரவில்லை. டெண்ட், அலமாரி இரண்டும் அடுத்த தடவைக்கும் ஆகும் என்று கணவர் ஆறுதல் சொன்னார். டெண்ட் ஆகாது. கால் வளைந்துவிட்டது.

ஞாயிறு மாலை பிரிக்கும்போது கடைக்காரர்கள் தங்களுக்குள் பண்டமாற்று செய்துகொள்வது வழக்கமாம். பெரியவர் ஒரு வாதுமை மரக் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, சாக்கடை மூடியில் போய்ப் படுத்ததே, அந்த டவராவைக் கேட்டார். டம்ளரோடு நல்லது ஒன்று தருகிறேன் என்றேன், வேண்டாம், அதுதான் வேண்டும் என்றார். விளிம்பில் ஒரு சின்னச் சில்லு பெயர்ந்திருந்தது, அப்படியே வாங்கிக்கொண்டார்.

இந்த ஜனவரியில் மறுபடி இரண்டுக்குக் கட்டியிருக்கிறேன், இரண்டுமே வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்துக்குள், ஹோட்டல் செலவு இல்லாதவை. பதில் ஏப்ரலில் வரும். கான்கிரீட் குழாய் நாலும் கராஜில் சுவரோரம் நிற்கின்றன. வாரத்துக்கு ஒருமுறையாவது கணவர் இருட்டில் அதில் காலை இடித்துக்கொண்டு கத்துகிறார். குழாய் அசைவதில்லை.